முளையின் வடிவும் உலோகத்தின் வலிமையும்

வேலூரிலிருந்து ஆரணிக்குச் செல்லும் வழியில் கண்ணமங்கலம் என்னும் ஊர் இருக்கின்றது. ஆரணியைச் சூழ்ந்துள்ள பட்டு நெசவு ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே ஒரு தறியில் பாவு முடிந்து, புதிய பாவு ஏற்றும் நாளில் சென்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். தறியில் எஞ்சி நிற்கும் பழைய பாவின் இழை ஒன்றை எடுத்து, புதிய பாவின் இழை ஒன்றோடு சேர்த்து, விரலில் சிறிது சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார்கள். இரண்டு இழைகளும் ஒன்றாகிவிடும். இவ்வாறே ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்க வேண்டும்.

“இத்தனை பாடுபடுவானேன் தாத்தா? ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் ஆகாதா?” என்று வீட்டுப் பிள்ளை கேட்பதுண்டு. “முடிச்சு அச்சில் தட்டும் அப்பா. தட்டினால் அங்கேயே அறும். முறுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும்” என்று பெரியவர் விடை சொல்லுவார். அந்த விடையில் பொறியியல் நூல் ஒன்றின் ஓர் அத்தியாயமே அடங்கியிருக்கின்றது. பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. தேய்ப்பினால் உண்டான முறுக்கே இழைக்கு வலிமை தருகின்றது. தேய்க்கும் விரல் எவ்வளவு அழுத்துகின்றது, எத்தனை முறை உருட்டுகின்றது என்பவற்றைப் பொறுத்தே பிணைப்பின் உறுதி அமைகின்றது. பழகாத கை பிணைத்த இழை, நெய்யத் தொடங்கிய உடனே பிரிந்துவிடும்.

இழைக்குச் செய்கின்ற இதே காரியத்தை உலோகத்துக்கும் செய்ய முடியுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடியும். ஆனால் அங்கே விரலுக்குப் பதிலாக ஒரு சிறு எஃகு முளை வேலை செய்கின்றது. அந்த முளை வட்டமாக இருக்க வேண்டுமா, சதுரமாக இருக்க வேண்டுமா, முக்கோணமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி, கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் அதனை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கின்றது.

முதலில் இந்த முறை ஏன் வேண்டியதாயிற்று என்று பார்ப்போம். இரண்டு இரும்புத் தகடுகளை இணைப்பதற்கு வெல்டிங் பட்டறையில் என்ன செய்கின்றார்கள்? மின்பொறியின் வெப்பத்தால் விளிம்புகளை உருக்குகின்றார்கள். உருகிய உலோகம் இரு பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு உறைகின்றது. இரும்புக்கு இது பெரும்பாலும் நல்ல முறைதான். அலுமினியத்துக்கு வந்தால் தொல்லை தொடங்குகின்றது. அலுமினியத்தின் மேற்பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்திக்கொண்டிருக்கின்றது. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அந்தப் படலமோ 2000 பாகையைக் கடந்தாலன்றி உருகாது. உருகிய அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அதனை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட வாயு குமிழ்களாகச் சிக்கி, பற்றவைத்த இடம் நுரைத்த அடைபோல ஆகிவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த வலிமை மிக்க அலுமினியக் கலவைகள் சிலவற்றில், உறைகின்ற தறுவாயிலேயே வெடிப்புகள் தோன்றிவிடுகின்றன. விமானத்தின் உடலை நெடுங்காலமாக ஆயிரமாயிரம் ரிவெட் ஆணிகளைக் கொண்டு தைத்து வந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். நெசவாளர் மொழியில் சொல்வதானால், அலுமினியத்தில் உருக்கிப் போடும் பற்று ஒரு முடிச்சு. சுமை வரும்போது அங்கேதான் அறும்.

1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரை அடுத்துள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வேய்ன் தாமஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். உராய்வுக் கிளறல் பற்றவைப்பு என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். முறை எளியது. இணைக்க வேண்டிய இரு தகடுகளையும் விளிம்போடு விளிம்பு பொருந்த வைத்து, அசையாதபடி இறுக்கிப் பிடிக்கின்றார்கள். உருளை வடிவமான ஒரு கருவியின் நுனியில், தகட்டின் தடிப்பைவிடச் சற்றே குறைந்த நீளமுள்ள ஒரு முளை இருக்கின்றது. கருவியை வேகமாகச் சுழற்றிக்கொண்டே அந்த முளையை விளிம்புகள் சந்திக்கும் கோட்டில் அமிழ்த்துகின்றார்கள். முளை உள்ளே சென்றதும், அதற்கு மேலே உள்ள அகன்ற பகுதி தகட்டின் மேற்பரப்பில் அழுந்தி உராய்கின்றது. இப்பகுதியைத் தோள் என்பார்கள். உராய்வினால் வெப்பம் பிறக்கின்றது. ஆனால் உலோகம் உருகுவதில்லை. ஏறக்குறைய 400 முதல் 500 பாகை வரை சூடேறிப் பிசைந்த மாவைப்போல இளகுகின்றது. அந்த நிலையில் கருவியைக் கோட்டின் வழியே மெல்ல நகர்த்தினால், முளை முன்னால் உள்ள உலோகத்தை வழித்தெடுத்துத் தன்னைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. தோள் மேலிருந்து அழுத்தி அதனை இறுக்குகின்றது. கருவி கடந்துபோன இடத்தில் இரு தகடுகளும் ஒன்றாகிக் கிடக்கின்றன. உருகுதலே இல்லாததால் வாயுக் குமிழும் இல்லை, உறைவு வெடிப்பும் இல்லை.

இணைப்பே இல்லாத ஒரே தகட்டில் இந்தக் கருவியை ஓட்டினால் என்ன ஆகும்? வேலையற்ற வேலை என்று தோன்றும். ராஜீவ் மிஸ்ரா என்ற இந்திய அறிஞரும், மரே மஹோனி முதலியோரும் 1999ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் இதனைச் செய்து பார்த்தார்கள். விமானங்களுக்குப் பயன்படும் 7075 என்ற அலுமினியக் கலவையில் கருவியை ஓட்டியபோது, கிளறப்பட்ட பகுதியின் உள்ளமைப்பே மாறிப்போயிற்று. அப்பகுதியிலிருந்து வெட்டியெடுத்த துண்டைத் தக்க வெப்பத்தில் வைத்து இழுத்தால், அறாமலே தன் நீளத்துக்குப் பத்து மடங்குக்கும் மேல் நீண்டது. இதிலிருந்து உராய்வுக் கிளறல் பதப்படுத்தல் என்ற ஒரு தனித்துறையே பிறந்தது. வேண்டிய இடத்தில், வேண்டிய ஆழத்துக்கு மட்டும் உலோகத்தின் தன்மையை மாற்றிக்கொள்ளும் முறை அது.

உள்ளமைப்பு என்றேன். அஃது என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். உலோகம் வெளிக்கு ஒரே பாளமாகத் தோன்றினாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத படிக மணிகளின் தொகுதியாகவே இருக்கின்றது. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக அணிவகுத்திருக்கின்றன. பக்கத்து மணியில் அந்த வரிசை வேறு திசையை நோக்கியிருக்கின்றது. உலோகத்தை இழுத்தால், ஒரு மணிக்குள் அணுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த வழுக்கல் மணியின் எல்லைக்கு வந்ததும் தடைப்பட்டு நின்றுவிடுகின்றது. அடுத்த மணியில் வரிசையின் திசை வேறாக இருப்பதால் எளிதில் கடக்க முடிவதில்லை. நஞ்செய் நிலத்தில் நெருக்கமாக வரப்புகள் இருந்தால் நீர் எப்படி அங்கங்கே தேங்கி நிற்குமோ, அப்படித்தான். மணிகள் சிறியவையாக இருந்தால் எல்லைகள் மிகுதி, எல்லைகள் மிகுதியானால் வழுக்கலுக்குத் தடை மிகுதி, தடையே வலிமை. 1951இல் ஹால் என்பவரும், 1953இல் பெட்ச் என்பவரும் இரும்பிலும் எஃகிலும் இதனை அளந்து ஒரு விதியாக அமைத்தார்கள். மணி எல்லைகளால் வருகின்ற வலிமை, மணியின் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. மணியின் விட்டம் 40 மைக்ரானிலிருந்து 4 மைக்ரானாகக் குறைந்தால், வலிமையின் அந்தப் பங்கு மூன்று மடங்குக்குச் சற்று மேலாக உயரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான் என்பது நினைவிருக்கட்டும்.

கிளறும் கருவி செய்கின்ற முதன்மையான காரியம் இந்த மணிகளைச் சிறியவையாக்குவதுதான். சூட்டோடு சேர்த்துக் கடுமையாகப் பிசையப்படும் உலோகத்தில் பழைய பெரிய மணிகள் சிதைந்து, புதிய சிறிய மணிகள் பிறக்கின்றன. ஆனால் ஒரு சிக்கல் இருக்கின்றது. பிசைவதற்குச் சூடு வேண்டும். அதே சூடு மிகுந்துவிட்டால், பிறந்த சிறு மணிகள் ஒன்றையொன்று விழுங்கி மீண்டும் பெரியவையாகிவிடும். சூடு குறைந்தாலோ உலோகம் ஓடாது. முளைக்குப் பின்னால் சுரங்கம்போன்ற துளை விழுந்துவிடும். ஆகவே மிகுதியாகப் பிசைய வேண்டும், அளவாகச் சூடாக்க வேண்டும். இவ்விரண்டையும் நிர்ணயிப்பவை சுழலும் வேகம், நகரும் வேகம், அழுத்தும் விசை, பிறகு கருவியின் வடிவம். முதல் மூன்றையும் இயந்திரத்தின் முன் நிற்பவர் நினைத்த மாத்திரத்தில் மாற்றிக்கொள்ளலாம். வடிவமோ கடைசல் பட்டறையிலேயே முடிவாகிவிடுகின்றது. அதில் பிழை நேர்ந்தால் மற்ற மூன்றையும் எவ்வளவு திருத்தினாலும் முழுப் பயன் கிடைக்காது என்பது என் கருத்து.

தோளை முதலில் எடுத்துக்கொள்வோம். வெப்பத்தில் பெரும்பங்கு தோளிலிருந்துதான் வருகின்றது. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு; கல்லூரி மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். தோளின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் உராய்வுத் தடை ஒரே அளவாக இருக்கின்றது என்று கொள்வோம். மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக, அந்த வளையத்தின் பரப்பு கூடுகின்றது. அதன் நெம்புகோல் தூரமும் கூடுகின்றது. இரண்டையும் சேர்த்துத் தொகையிட்டால், பிறக்கும் வெப்பம் தோளின் ஆரத்தின் முப்படியை ஒட்டி வளர்கின்றது. 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோளை 18 மில்லிமீட்டராக்கினால் வெப்பம் 1.73 மடங்காகும். 21 மில்லிமீட்டராக்கினால் 2.74 மடங்காகும்! விட்டத்தில் ஆறு மில்லிமீட்டர் வேற்றுமைதான். அடுப்பில் ஒரு விறகுக்குப் பதிலாக ஏறக்குறைய மூன்று விறகு எரிகின்ற கதையாகிவிடுகின்றது. உண்மையில் சூடேறிய உலோகம் இளகித் தன் தடையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே கணக்கில் வருவது முழுவதும் கைக்கு வருவதில்லை. ஆயினும் தோளின் அளவை விளையாட்டாக மாற்றக்கூடாது என்பது தெளிவாகின்றது.

இனி முளை. வீட்டில் தயிர் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். மத்தின் தலை வழவழப்பான உருண்டையாக இருந்தால் வெண்ணெய் திரளுமா? தயிரின் நடுவில் அது வழுக்கிக்கொண்டு சுழலும், அவ்வளவுதான். மத்தின் தலையில் பிளவுகளும் இதழ்களும் வெட்டியிருப்பதற்குக் காரணம், ஒவ்வோர் இதழும் தயிரை ஓர் அடி அடிக்க வேண்டும் என்பதே. முளையின் வடிவைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதற்கும் அடிப்படை இந்த மத்துதான் என்று சொன்னால் மிகையாகாது.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருள்களை இணைக்கும் கலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. அங்கே பேராசிரியர் வி. பாலசுப்பிரமணியனும் கே. இளங்கோவனும் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தன. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 15 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஐந்து வகை முளைகளை எடுத்துக்கொண்டார்கள்: நேரான உருளை, நுனி நோக்கிக் குறுகும் கூம்புருளை, திருகுமரை வெட்டிய உருளை, முக்கோணம், சதுரம். ஒரு சோதனைத் தொடரில், 6061 என்ற அலுமினியக் கலவைத் தகடுகளை, இந்த ஐந்து முளைகளோடு 15, 18, 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று தோள்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, பதினைந்து விதமாக இணைத்தார்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் குறுக்கே அறுத்து நுண்பெருக்கியில் பார்த்தார்கள். துண்டுகளை இழுத்து அறுத்து வலிமையை அளந்தார்கள்.

தோள்களில் நடுவான 18 மில்லிமீட்டரும், முளைகளில் சதுரமும் சேர்ந்த கருவியே குறைபாடற்ற, மிக வலிய இணைப்பைத் தந்தது. ராக்கெட்டுகளின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்படுகின்ற 2219 என்ற வேறொரு கலவையில் நகரும் வேகத்தை மாற்றிச் சோதித்தபோதும் சதுர முளையே முன்னால் நின்றது.

ஏன் சதுரம்? காகிதமும் பென்சிலும் இருந்தால் இப்போதே கணக்கிடலாம். ஒரு வட்டத்தை வரைந்து, நான்கு மூலைகளும் அவ்வட்டத்தைத் தொடும்படி உள்ளே ஒரு சதுரத்தை வரையுங்கள். சதுர முளை சுழலும்போது அதன் மூலைகள் அந்த முழு வட்டத்தையும் துடைத்துக்கொண்டு போகின்றன. ஆனால் முளை தானாக அடைத்துக்கொள்ளும் இடம் சதுரத்தின் பரப்பு மட்டுமே. வட்டத்தின் பரப்பைச் சதுரத்தின் பரப்பால் வகுத்தால் 1.57 வருகின்றது. அதாவது, முளை அடைத்துக்கொண்ட இடத்தைவிட அது கிளறுகின்ற இடம் ஒன்றரை மடங்குக்கும் மேல். இடையில் உள்ள வெற்றிடத்தில் இளகிய உலோகம் புகுந்து, முளையோடு சேர்ந்து சுழன்று, பின்னால் தள்ளப்படுகின்றது. வழவழப்பான உருளை முளைக்கு இந்த விகிதம் சரியாக ஒன்று. அது தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கின்றது. உலோகத்துக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் முக்கோணம் இன்னும் சிறந்ததாக இருக்க வேண்டுமே என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். வட்டத்துக்குள் சமபக்க முக்கோணத்தை வரைந்து கணக்கிட்டால் விகிதம் 2.42 வரை போகின்றது. ஆனால் கிளறுவதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது அடிகளின் எண்ணிக்கை. கருவி நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றால், நொடிக்கு 20 சுற்று. முக்கோண முளை ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தட்டையான முகங்களால் உலோகத்தை அடிக்கின்றது; நொடிக்கு 60 அடி. சதுர முளைக்கு நொடிக்கு 80 அடி. உருளைக்கு அடி என்பதே இல்லை; வெறும் வழுக்கல். கருவி நொடிக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் நகர்வதாகக் கொண்டால், ஒவ்வொரு மில்லிமீட்டர் தூரத்திலும் சதுர முளை 64 முறை உலோகத்தை அடித்துப் பிசைந்துவிட்டுத்தான் மேலே செல்கின்றது. முக்கோணம் 48 முறை. அடிகள் மிகுந்ததால் மணிகள் மேலும் சிறியவையாகிச் சீராகப் பரவின என்று சிதம்பரத்து ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள்.

இதைக் கேட்டவுடன், ஐங்கோணம், அறுகோணம் என்று முகங்களைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் முகங்கள் கூடக் கூட முளை வட்டத்தை நெருங்குகின்றது. அறுகோணத்தில் விகிதம் 1.21க்கு இறங்கிவிடுகின்றது. அடிகள் பெருகும், ஒவ்வோர் அடியும் மெலியும். சதுரம், இடத்தையும் அடியையும் ஓரளவு சமன்செய்கின்ற ஒரு நடுவழி. அதற்காக எல்லா உலோகத்துக்கும் எல்லா இடத்திலும் சதுரமே முடிந்த முடிபு என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. வேறு கலவைகளிலும் வேறு வேகங்களிலும் சோதித்த வேறு ஆராய்ச்சியாளர்கள், திருகுமரை முளையையும் கூம்பு முளையையும் சிறந்தவையாகக் கண்டதுண்டு. மூலைகளுக்கு வேறொரு பகையும் இருக்கின்றது. அலுமினியத்தைக் கிளறும்போது எஃகு மூலை நெடுநேரம் தாங்கும். அலுமினியத்தோடு கடினமான பீங்கான் துகள்களைச் சேர்த்துக் கிளறினால், அவை உப்புத்தாளைப்போல மூலையைத் தேய்த்துவிடும். சதுரமாக உள்ளே போன முளை சில மீட்டர் தூரம் சென்றபின் உருண்டையாக வெளியே வந்தால், தொடக்கத்தில் இருந்த வலிமை முடிவில் எப்படி இருக்கும்? எஃகையே கிளறுவதென்றால் சாதாரண எஃகுக் கருவி உதவாது. டங்ஸ்டன் கலவை போன்றவை வேண்டும். அவற்றில் கூர்மூலை வெட்டுவதும் செலவு, வெட்டியது உடைந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

திருகுமரையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. மரை வெட்டிய முளையின் வேலை, பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலிருந்து கீழாகவும் உலோகத்தைச் செலுத்துவது. இங்கே மரையின் திசை முக்கியம். மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் கருவிக்கு இடக்கை மரை வெட்டினால், உலோகம் கீழ்நோக்கி அழுந்தி அடிப்பகுதியை நிரப்பும். அதே மரையோடு கருவியை இடஞ்சுழியாகச் சுற்றிவிட்டால் உலோகம் மேலே ஏறும். அடியில் வெற்றிடம் விழும். மேலே பார்த்தால் பளபளவென்று அழகான தடம், உள்ளே புழுத் துளை! கண்ணால் காண முடியாத இக்குறையை ஊடுகதிராலோ மீயொலியாலோதான் கண்டுபிடிக்க வேண்டும். தடித்த தகடுகளுக்கு நேரான உருளை முளையை உள்ளே தள்ளி நகர்த்துவதே பெரும்பாடு. அதற்காகக் கேம்பிரிட்ஜ் நிலையத்தார் முளையை நுனி குறுகலாக்கி, பக்கங்களில் சுருள் பள்ளங்கள் குடைந்து புதிய வடிவங்களைச் செய்தார்கள். ஒரே அடிவிட்டமுள்ள உருளை அடைத்துக்கொள்ளும் இடத்தில் பாதிக்கும் குறைவான இடத்தையே அவை அடைத்துக்கொள்கின்றன. 50 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத்தையும் ஒரே ஓட்டத்தில் கிளற அவற்றால் முடிந்தது. நம் மத்தின் இதழ்களை அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, கிளறினால் எந்த உலோகமும் வலிமை பெறும் என்று எவரேனும் முடிவுகட்டியிருந்தால், அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். 6061 போன்ற கலவைகளின் வலிமை, மணிகளைவிட, அவற்றினுள் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும் மிக நுண்ணிய படிவுகளையே பெரிதும் நம்பியிருக்கின்றது. தொழிற்சாலையில் அளவறிந்து சூடாக்கிக் குளிர்வித்து அப்படிவுகளை உண்டாக்குகின்றார்கள். கிளறும் கருவியின் வெப்பம் அவற்றைக் கரைத்துவிடுகின்றது, அல்லது பருக்கச் செய்துவிடுகின்றது. மணிகள் சிறுத்ததால் வந்த வரவைவிடப் படிவுகள் கரைந்ததால் நேர்ந்த செலவு பெரிதாகிவிடும். ஆகையால் இத்தகைய கலவைகளில், மிகச் சிறந்த கருவியால் செய்த இணைப்பும் மூலத்தகட்டின் வலிமையை முழுவதும் எட்டுவதில்லை. கருவியின் வடிவம் இங்கே தருவது இலாபம் அன்று, நட்டத்தின் குறைப்பு.

வார்ப்பு அலுமினியத்தில் கதை நேர்மாறு. மோட்டார் வண்டிகளின் உறுப்புகளை வார்க்கும் சிலிக்கன் கலந்த அலுமினியத்தில், சிலிக்கன் ஊசி ஊசியாகக் கிடக்கின்றது. இடையிடையே வாயுத் துளைகளும் உண்டு. வெடிப்பு ஒவ்வொன்றும் அந்த ஊசி முனையிலோ துளையின் ஓரத்திலோதான் தொடங்கும். கிளறும் முளை ஊசிகளை நொறுக்கித் துகளாக்கிப் பரப்புகின்றது, துளைகளை மூடிவிடுகின்றது. உடையுமுன் வளைந்து நீளும் இயல்பு அங்கே பன்மடங்கு கூடுகின்றது. தகட்டின் மேற்பரப்பில் சிலிக்கன் கார்பைடு பொடியைத் தூவிக் கிளறி, மேல்தோலை மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு கடினமாக்கியும் காட்டியிருக்கின்றார்கள். இவ்விடங்களில் பொடி ஒரே சீராகப் பரவியதா, திட்டுத் திட்டாக நின்றதா என்பதில் முளையின் வடிவத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் செய்திகள்தாமே என்று இருந்துவிட முடியாது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி41 ராக்கெட்டில், உராய்வுக் கிளறல் முறையில் பற்றவைத்த எரிபொருள் தொட்டி இடம்பெற்றது. அத்தகைய தொட்டியின் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்புள்ளது. தடிப்பைக் கூட்டினால் பாதுகாப்பு மிகும். ஆனால் எடை ஏறினால் செயற்கைக்கோளின் எடையைக் குறைக்க வேண்டியிருக்கும். இணைப்புக் கோட்டின் வலிமையை நம்பலாம் என்றால் சுவரை மெல்லியதாக்கலாம். அந்தக் கோட்டில் எங்கேனும் ஓர் அங்குலம் புழுத் துளை இருந்தால், பல ஆண்டு உழைப்பு சில நொடிகளில் வங்கக் கடலில் விழும். முளை சதுரமா வட்டமா என்ற சிறுபிள்ளைக் கேள்விக்கு இத்தனை மதிப்பு வந்தது இதனால்தான்.

முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஓட்டம் முடிந்து கருவியை மேலே எடுக்கும்போது, முளை நின்ற இடத்தில் அதன் அளவுக்கு ஒரு துளை விழுந்துவிடும். நேரான தகடானால் ஓரத்தை வெட்டி எறிந்துவிடலாம். வட்டமான தொட்டியைச் சுற்றிவந்த கோட்டுக்கு ஓரம் ஏது? இதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் மார்ஷல் ஆராய்ச்சி நிலையத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே முளை மெல்ல மெல்லத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும்படியான கருவியைச் செய்தார்கள். துளை ஆழம் குறைந்துகொண்டே வந்து மறைந்துவிடுகின்றது.

மாணவ நண்பர்கள் இயந்திரம் இல்லாமலே இதன் ஒரு பகுதியைச் செய்து பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களே உலோகத்தின் ஓட்டத்தை அறிய, நிறம் கலந்த விளையாட்டுக் களிமண்ணைப் பயன்படுத்தியிருக்கின்றார்கள். இரண்டு நிறக் களிமண் பட்டைகளை ஒரு பலகையின்மேல் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வையுங்கள். விரல் பருமனுள்ள இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றை வழவழப்பான உருளையாகவும் மற்றொன்றைச் சதுரமாகவும் சீவிக்கொள்ளுங்கள். நுனிக்குச் சற்று மேலே, நடுவில் துளையிட்ட தடித்த அட்டை வட்டு ஒன்றை இறுக்கமாகப் பொருத்துங்கள், அதுவே தோள். வட்டு களிமண்மேல் அழுந்தும்படி குச்சியைச் சுழற்றிக்கொண்டே கோட்டின் வழியே மெதுவாக நகர்த்துங்கள். உருளைக் குச்சிக்கு ஒரு பட்டை, சதுரக் குச்சிக்கு ஒரு பட்டை. பிறகு இரண்டையும் நூலால் குறுக்கே அறுத்து, எந்தப் பட்டையில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன, எதில் துளை விழுந்திருக்கின்றது என்று பாருங்கள். சுழற்சியின் திசையும் நகர்வின் திசையும் ஒன்றாயிருக்கும் பக்கத்தை மட்டும் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். உலோகத்திலும் சுரங்கத் துளை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் விழுகின்றது.